செல்லூர் நெரிசலில் ஒரு ஹைபிரிட் கார்

இன்று ஹைபிரிட் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஷோரூம் தம்பி ரிங்ரோட்டுக்குப் போகச் சொன்னார். நான் நேராகச் செல்லூருக்குள் விட்டேன்.

நெரிசலில் எஞ்சின் தானாக அணைந்து, கார் பேட்டரியில் சத்தமில்லாமல் நகர்ந்தது. பக்கத்தில் வந்த தள்ளுவண்டிக்காரர் பதறிவிட்டார்.

"வண்டி நின்னுருச்சாக்கா? தள்ளிவிடவா?"

ஷோரூம் தம்பிக்குப் பெருமை. "இந்த மாதிரி நெரிசல்லதான்க்கா பெட்ரோல் அம்புட்டு மிச்சமாகும்."

"தம்பி, நான் தெனமும் நாலுவழிச் சாலைல மேலூர் ஸ்கூலுக்குப் போறவ. அங்க?"

"அங்க பெரும்பாலும் எஞ்சின்தான்க்கா ஓடும். மிச்சம் கம்மிதான்."

அப்படியானால் கூடுதல் விலை எனக்கு எதற்கு? சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் அந்தக் காரை மனசு விடவில்லை. செல்லூர்ப் பக்கம் கணக்கு டீச்சர் வேலை இருந்தால் சொல்லுங்கள். சம்பளம் முன்னே பின்னே இருக்கலாம், போகிற வழியில் நெரிசல் கட்டாயம் வேண்டும்.