இரண்டு முறை ஏறிய மூட்டைகள்

தேனியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றும் வேலை பார்த்தேன். படிப்பு பத்தாம் வகுப்புதான். கம்பம் குடோனைப் பார்த்துக்கொண்டவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மூட்டை வரவை அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஏற்றுவார். போன் லைன் வழியாக அது அப்படியே எங்கள் கம்ப்யூட்டரிலும் ஏறிக்கொள்ளும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் இடி விழுந்து எங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் தம்பி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை முதலாளி இருப்பைப் பார்த்துவிட்டுக் கம்பத்துக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டர் காட்டியதில் பாதி மூட்டைதான் குடோனில் இருந்தது.

“அவன் கம்ப்யூட்டர்ல மட்டும் இருப்பு சரியாக் காட்டுதாம். ஏத்துறதும் அவன், அழிக்கிறதும் அவன். மூட்டைய வித்துட்டு வரவை அழிச்சிருப்பான். போலீசு கேக்கட்டும்.”

அண்ணன் மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது.

“செத்த பொறுங்க முதலாளி. நான் ஒருவாட்டி பாத்துக்கிர்றேன்.”

“நீ என்ன அவனுக்கு வக்கீலா?”

வீரபாண்டி மாரியாத்தாளைக் கும்பிட்டு வரவுகளைத் திறந்தேன். மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் போட்ட மூட்டைகள் இரண்டு முறை ஏறியிருந்தன. அடுத்தவருடையதும் அப்படியே. இன்ஜினியர் தம்பியைப் போனில் பிடித்தேன்.

“ஐயையோ அக்கா. கம்பத்துக் கணக்குல எதுவரைக்கும் எடுத்தாச்சுங்கிற குறிப்பு தனிப் பட்டியல்ல இருக்கும். பேக்கப் அத மட்டும் விட்டுட்டு எடுத்திருக்கு. அதான் பழையத எல்லாம் திரும்ப இழுத்துருச்சு.”

நான் போனை வைத்ததும், போலீசைக் கூப்பிட முதலாளி ரிசீவரை எடுத்தார்.

“வீட்டுல பாராயணம் படிக்கையில, நிறுத்துன பக்கத்துல பூ வைப்பேன் முதலாளி. பூ விழுந்துட்டா மொதல்லருந்து படிப்பேன். சாமி கோவிக்காது. இங்கன அந்தப் பூ விழுந்துருச்சு. மூட்டை ரெண்டா ஏறிருச்சு.”

திரையில் இரட்டை வரவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரிசீவரை வைத்தார்.

அண்ணன் அதற்குள் கம்பத்தில் பஸ் ஏறிவிட்டார். நனைந்த சட்டையோடு வந்து சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

“மெஷின் கோளாறுப்பா. சாவிய எடு,” என்றார் முதலாளி.

“மெஷின் சொன்னதும் நம்பிட்டீகளே முதலாளி.”

முதலாளி சாவிக்கொத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டார். நான் வைத்த டீயைத் தொடவில்லை.

அன்று ஆத்தாளுக்கு நெய்விளக்கு ஏற்றினேன். ஆனால் மறுநாளிலிருந்து, ஒவ்வொரு வரவையும் ஏற்றியதும் கம்பத்திலிருந்து அண்ணன் போன் போடுவார்.

“ஏறிருச்சாம்மா? ஒருவாட்டிதான?”