அப்பா சாட்சி சொன்ன ஞாயிறு

காலை பத்து நாற்பதுக்கு முதலில் என் இடது கண்தான் எரிந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், ஜெபக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே நின்று அப்பா பேசிக்கொண்டிருந்ததும், எப்போது முடிப்பார் என்று பதினான்கு வயதுக்காரியான நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததும்தான். கண்ணைக் கசக்கியபடி திரும்பினேன். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால் இருந்த பெண்கள் எல்லோரும் முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

அப்பாவுக்குக் காசிமேட்டில் ‘ஐஸ் கம்பெனி’ இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் கிராமம் ஒன்றிலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்து, ராயபுரத்து மளிகைக் கடையில் மூட்டை தூக்கி, பிறகு ஐஸ் பார் வாங்கி விற்று, கடைசியில் துறைமுகத்துப் படகுகளில் பாதிக்கு ஐஸ் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தவர். அதைத் தன் சாமர்த்தியம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கம்பெனியின் பின்புறத்து மனையில் தானே கட்டிக்கொடுத்த ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று ‘சாட்சி’ சொல்வார். சாட்சி என்றால் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன் அறிவிப்பது. நோய் தீர்ந்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும் சொல்லிக்கொண்டிருந்த அது, எங்கள் கூடத்தில் மெல்ல மெல்ல வியாபாரம் பெருகியவர்களின் பேச்சாகிவிட்டது. லாரி வாங்கியவர்களும் மாடி எடுத்தவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். ஒன்றும் வாய்க்காதவர்கள் கடைசியில், கதவோரம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, அவர்களாகவே போய் உட்கார்ந்தார்கள். ஆண்டவருக்கு யாரைப் பிடிக்கும் என்பதை அந்த வரிசைகளை வைத்தே நான் தெரிந்துவைத்திருந்தேன்.

அந்த ஜூன் மாதம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்டு நின்றன. மிஷினுக்கு ஓய்வே இல்லை. அம்மோனியா வாயுவில் ஓடும் மிஷின் அது. அதன் காரமான நெடி கம்பெனியிலும் கூடத்திலும் எங்கள் துணிமணிகளிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும் என்பதால் எங்கள் மூக்கு அதை மறந்தே போயிருந்தது. மிஷினைப் பார்த்துக்கொண்டவர் எல்லப்பன் அண்ணன், காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். வெள்ளிக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மொதலாளி, வால்வு ஒண்ணு பேஜாரு பண்ணிகினு கீது. ரெண்டு நாளு நிறுத்திக் குடு, மாத்திடறேன்.”

“இந்த வாரம் போவட்டும் எல்லப்பா. இத்தன நாள் கழிச்சு கர்த்தர் வாசலத் தொறந்து விட்டிருக்காரு. நாம போயி அடைக்கலாமாடே?”

“அவரு தொறந்தது கரீட்டு மொதலாளி. வால்வ யாரு மூடறது?”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எல்லப்பன் அண்ணனும் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று மாலை பாஸ்டர் வந்து மிஷினில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அப்பா வேடம் போடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புது வால்வைவிட அது பெரிய காவல் என்று அவர் மனதார நம்பினார்.

அதுவரை ஞாயிறு காலையில் எங்கள் மிஷின் ஓடியதில்லை. ஆராதனை முடிந்துதான் பொத்தானைத் தொடுவார்கள். அந்த ஞாயிறு முதன்முறையாக ஓடியது. எல்லப்பன் அண்ணனோடு வீட்டு ஆள் ஒருவர் இருக்கட்டும் என்று, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் ஜோயலை அப்பா அங்கே நிறுத்தினார். “நீங்க பரலோகத்துக்குப் போயிட்டு வாங்க, நான் பனிக்கட்டியப் பாத்துக்கிடுதேன்” என்று அவன் கும்பிடு போட்டான். “வாயப் பாரு” என்று அம்மா அவன் தலையில் தட்டினாள்.

அந்த நேரத்தில் கடற்காற்று திரும்பியிருக்க வேண்டும். கம்பெனியைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாம் வெயிலுக்காகத் திறந்து கிடந்தன. ஆனால் எங்கள் கூடத்தில் அழுகை புதிதல்ல. சாட்சி கேட்டு உருகி அழுவது ஆவியானவர் இறங்கியதன் அடையாளம். ஆகவே கண்கள் எரிந்து நீர் கொட்டியபோது ஒருவரும் எழவில்லை. “இறங்கிட்டாரு, இறங்கிட்டாரு” என்று பாஸ்டர் இரு கைகளையும் உயர்த்தினார். தன் சொல்லுக்குச் சபை முழுவதும் அழுவதை அப்பா அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். முடிக்கப் போனவர் முடிக்கவில்லை. இரண்டாவது கம்பெனிக்கு எண்ணூர்ப் பக்கம் மனை பார்த்திருப்பதைச் சொன்னார். மூட்டை தூக்கிய தோளைத் தொட்டுக் காட்டினார். அவர் கன்னத்திலும் நீர் வழிந்தது. ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்ற முழக்கத்தில் வெளியிலிருந்து வந்த கூச்சல் எதுவும் எங்கள் காதில் விழவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கோ ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. அப்போதுதான் கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “அழுவ இல்லடி இது, கேஸு! ஓடுங்கடி!” என்று அலறினாள்.

பத்து ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு நிமிடம் அழுதிருக்கிறோம்.

தெருவில் எல்லப்பன் அண்ணன் கிடந்தார், பக்கத்தில் ஜோயல். வால்வு தெறித்ததும் வெளியே ஓடிவந்த அவர், ஜோயல் வராததைக் கண்டு, ஈரச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு தனி ஆளாக மறுபடி உள்ளே போயிருக்கிறார். உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிடு தூரத்தில் நூறு பேர் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒவ்வொருவரிடமும் “எவ்வளவு ஆனாலும் சரி” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு மணிக்கு ஜோயல் போய்விட்டான்.

இப்போது அங்கே ஐஸ் கம்பெனியும் இல்லை, கூடமும் இல்லை. கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அப்பா எண்ணூரில் அந்த இரண்டாவது கம்பெனியைக் கட்டினார், மூன்று வீடுகள் வாங்கினார், சாட்சி மட்டும் பிறகு சொல்லவே இல்லை. “ஒங்க அப்பா மாதிரி ஜெயிச்சவன் நம்ம ஊர்ல யாரு?” என்று கல்யாண வீடுகளில் இன்றும் கேட்கிறார்கள். சபையில் யாராவது அழுதால் நான் முதலில் ஜன்னலைப் பார்க்கிறேன். போன வாரம், திருவொற்றியூர் வீட்டில், சின்ன வயதிலேயே கோடீஸ்வரனான ஒருவனின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன், “தாத்தாவும் சக்ஸஸ்தானேம்மா?” என்று கேட்டான். நான் எழுந்துபோய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பிறகு அந்த ஞாயிறு மாலையை அவனுக்குச் சொன்னேன்.

சபையார் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சிலருக்கு மூச்சுத் திணறல், சிலருக்குப் போலீஸ் பயம். இருட்டத் தொடங்கும்போது எல்லப்பன் அண்ணனின் மனைவி பூங்காவனம் அக்கா, மீன் விற்ற சேலையோடு, வராந்தாவின் மறுகோடியிலிருந்து நடந்து வந்தார். அப்பா எழுந்து நின்றார். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பணத்தோடு வெளியே வந்தது.

“அத்த உள்ள வெய்யி மொதலாளி” என்றார் அக்கா. “எங்க வூட்டுக்காரருக்கு இப்பதான் நெனப்பு வந்துது. ரெண்டு கண்ணுலயும் கட்டு. வாயத் தொறந்ததும் ஒம் புள்ளையத்தான் கேட்டாரு, தம்பி பொழச்சிகினானான்னு. நான் போயி இன்னான்னு சொல்லட்டும்?”