உள்ளதை எழுதச் சொன்ன எங்கள் அக்கா

கர்த்தரிடம் சென்று ஓராண்டாகும் எங்கள் அக்கா, வண்டிப்பெரியார் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லய வீட்டில், கொழுந்து பறித்த அம்மாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தவர். சபைப் போதகரின் உதவியால் நர்ஸ் படிப்புக்காக ஜெர்மனி போனார். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்த்து, அந்த நாட்டவரான அத்தானை மணந்தார்.

அக்காவின் மகளுக்குப் பதினான்கு வயதானபோது, நாஜி ஆட்சியில் தங்கள் குடும்பம் எப்படி இருந்தது என்று எழுதிவரச் சொன்னார்கள் பள்ளியில். “எங்களுக்கு எதுவும் தெரியாது என்று எழுது” என்றார் அக்காவின் மாமனார். “பழையதைக் கிளற வேண்டாம்” என்றார் அத்தான்.

அக்கா கேட்கவில்லை. மகளை ரயிலில் கூட்டிக்கொண்டு, குடும்பத்தில் யாரும் பேசாமல் ஒதுக்கிவைத்திருந்த, மாமனாரின் தங்கையிடம் போனார். உண்மை அங்கே கிடைத்தது. ஆசிரியராக இருந்த மாமனார், வேலை போய்விடக் கூடாது என்று நாஜிக் கட்சியில் சேர்ந்திருக்கிறார். தங்கையோ, யாரும் போகக் கூடாது என்று அரசு தடுத்திருந்த யூத மருத்துவர் வீட்டுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துச் சிறைக்குப் போயிருக்கிறார். தங்கையைப் பிடித்துக்கொண்டு போனபோது அவர்களுடைய தாய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தையலில் உட்கார்ந்துகொண்டாராம். சிறையிலிருந்து வந்த தங்கை கதவைத் தட்டியபோது அண்ணன் திறக்கவில்லை.

மகள் எல்லாவற்றையும் எழுதினாள். பள்ளிக்குக் கொடுக்குமுன் அக்கா அதை மாமனாரிடம் காட்டி, “தப்பு இருந்தா திருத்துங்க” என்றார். அவர் படித்தார், எதையும் திருத்தவில்லை. அதன்பின் இரண்டு ஆண்டுகள் மாமனார் அக்காவின் வீட்டுப் படி ஏறவில்லை.

அக்கா ஊருக்கு வந்திருந்தபோது நான் கேட்டேன்: “புகுந்த வீட்டு மானத்த இப்படி வாங்கலாமாக்கா?”

“மானம்னு சொல்லி மறைச்சிட்டா, கதவுக்கு வெளிய நின்ன பொம்பளைக்கு யாருடா பதில் சொல்றது?”

மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது அக்காதான் அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் அவர் தங்கையை வரவழைக்கச் சொன்னார். வந்தவரிடம், குழறிய நாக்கால், “உள்ளேதான் இருந்தேன், திறக்கவில்லை” என்றார். “ஜன்னலில் உன் தலை தெரிந்தது” என்றார் தங்கை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மாலைவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அத்தான் மறைந்தபின் அக்கா ஊர் திரும்பினார். படுக்கையில் விழுந்தபிறகும் தன் தலையைத் தானே வாரிக்கொண்டார். மழையில் சேறான தோட்டப் பாதையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் ஓட்டுநருக்கும், தினமும் வந்து ஜெபித்த சபையாருக்கும், ஜெர்மனியிலிருந்து வந்து கடைசிவரை உடனிருந்த மகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

என் சொந்த நன்றி ஒன்று மீதமிருக்கிறது, அது அக்காவுக்கு. அவருடைய கல்யாணத்தால் கோபமடைந்த அப்பா, “அவளுக்கு யாரும் கடுதாசி போடக் கூடாது” என்றார். அப்பாவுக்குப் பயந்து, அக்காவின் கடிதங்களுக்கு மூன்று ஆண்டுகள் நான் பதில் எழுதவில்லை. கடிதங்கள் கிடைக்கவில்லை என்றே சொல்லிவந்தேன். கடைசி வாரத்தில் உண்மையைச் சொன்னேன்.

தலை வாரிக்கொண்டிருந்த அக்கா சீப்பைக் கீழே வைத்தார்.

“இப்பவாவது சொன்னியே. கஞ்சிய எடுடா, ஆறிரப் போவுது.”