வெட்டுப் போட்ட காசு

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்போம். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து வந்த ஒரு பெண். அவள் மடியில் தூங்கிய குழந்தை. உள்ளே வராமல் வாசலில் நின்ற அவள் புருசன்.

நானா அதற்கு முன் எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் வந்ததில்லை. அன்று வந்தது நான் சேர்த்த காசுக்காக.

நான் கெட்டுப்போன காசு சேர்ப்பவன். ரப்பர் தோட்டத்தில் ஷீட் உருட்டும் மெஷினில் வேலை. ஒருநாள் யாருடைய பையிலிருந்தோ ஒரு இரண்டு ரூபாய் மெஷினுக்குள் விழுந்தது. மறுபக்கம் நீண்டு, வரி வரியாக வெளியே வந்தது. ரோலில் வடு விழுந்ததற்குத் தோட்டத்துத் துரை கத்தினார். காசை யாரும் கேட்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து பழக்கம்.

ஓட்டை போட்டுக் குழாய்க்கு வாஷராக மாட்டிய காசு இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்துச் சுற்றிய காசு இருக்கிறது. கரம் போர்டு ஆடக் கல்லில் தேய்த்து மொழுக்கையாக்கியது, அடுப்பில் விழுந்து கறுத்தது, எல்லாம் இருக்கிறது. இந்தக் காசுகளை பஸ்ஸில் கொடுத்தால் கொண்டக்டர் ‘மேக்க பே’, இது செல்லாது என்று சிங்களத்தில் சொல்லிக் கையிலேயே திருப்பி வைப்பார். நானா கடையில் கூட்டத்தோடு கூட்டமாகக் கல்லாவுக்குள் போய்விடும். சாயங்காலம் பார்த்து ஓரமாக எடுத்து வைப்பார். சம்பளத்துக்கு மறுநாள் நான் நல்ல காசு கொடுத்து வாங்கிக்கொள்வேன். ஐந்துக்கு ஐந்து. அவருக்கு நட்டமில்லை. எனக்கு என்ன லாபம் என்றால் சொல்லத் தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரு ஆளுடைய கை பட்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

“ஊர்ல ஆம்பளைங்க நல்ல காசு சேக்குறாங்க. எனக்கு வாய்ச்சது செல்லாத காசா பாத்து சேக்குது” என்பாள் என் வீட்டுக்காரி.

அவற்றில் ஒரு வகை மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. எல்லாம் ஐந்து ரூபாய். ஓரத்தில் அரத்தால் ராவிய ஒரே ஒரு வெட்டு. யாரோ பிட்டர் பையன் வேலை இல்லாமல் அரத்தைச் சோதித்துப் பார்க்கிறான் என்று நினைத்திருந்தேன். தனியாக ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தேன்.

நானா பாயில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஏற்றம் அவருக்குப் பழக்கமில்லை.

“இந்தப் புள்ள காலையில இருந்து கடையில நிக்கிது. வெட்டுப் போட்ட அஞ்சு ரூவா வேணுமாம். அதெல்லாம் உங்ககிட்ட தானே ஈக்கி. நீங்களே கேளுங்க.”

“அது நேந்த காசுண்ணே” என்றாள் அந்தப் பெண்.

ஏழாம் மாதத்தில் அவளுக்கு இரத்தம் பட்டிருக்கிறது. அதற்கு முன் இரண்டு பிள்ளை தங்கவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வரும்வரை காத்திருந்த நேரத்தில், ஒரு ஐந்து ரூபாயில் புருசனை வெட்டுப் போடச் சொல்லி, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பிள்ளையை உயிரோடு கொடு, இந்தக் காசோடு தூக்கி வந்து முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மேல் டிவிசனில் நேர்ந்த காசுக்கு வெட்டுப் போடுவது வழக்கமாம். லயத்து வீட்டில் பல கை காசைத் தொடும். வெட்டைப் பார்த்தால் தொடமாட்டார்கள்.

பிள்ளை பிழைத்தது. விடிந்தால் முடி இறக்க வேண்டும். காசைக் காணவில்லை.

“கரண்டு போன நேரம். வெத்தலைக்குச் சில்லறை தேடுனேன்” என்றான் வாசலில் நின்றவன். “இருட்டுல தடவுனா எல்லாக் காசும் ஒண்ணுதானே.”

“வெட்டுப் போட்டதே நீங்கதானே!”

என் வீட்டுக்காரி அவனுக்கும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டின்னைப் பாயில் கவிழ்த்தேன். அந்தப் பெண் குழந்தையை என் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். வெட்டை நகத்தால் தடவிப் பார்த்தாள். சிலதை ஒதுக்கினாள். ஒதுக்கியதை மறுபடியும் எடுத்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

“தெரியலையே” என்றாள்.

“ஏதாவது ஒண்ண எடு புள்ள. சாமிக்குத் தெரியவா போகுது?” வெளியே இருந்து குரல்.

“சாமிக்குத் தெரியாதுன்னா நான் யார்கிட்ட நேந்தேன்?”

என் வீட்டுக்காரி பாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப இது எல்லாமே நேந்ததா?”

“எங்க பக்கம் வேற எதுக்கும் காசுல வெட்டுப் போட மாட்டோம்க்கா.”

நானா தலையில் கை வைத்தார். “அல்லாவே. யார் யாரு என்ன கேட்டு வச்சதோ.”

நான் பாயைப் பார்த்தேன். அடிக்கடி கையில் எடுத்துத் திருப்பிய காசுகள்தான். அன்று தொடத் தோன்றவில்லை. யாருக்கோ காய்ச்சல், யாரோ வெளிநாட்டில், யாருக்கோ பிள்ளை. கேட்டது கிடைத்ததா என்றும் தெரியாது.

“எல்லாத்தையும் கொண்டு போம்மா” என்றேன். “ஒன்னோடது அதுலதான் இருக்கு. தப்பாது.”

“மத்ததெல்லாம்?”

“அதுவும் போக வேண்டிய இடம் அதுதானே.”

“ஒண்ணாவது வச்சிக்கிறீங்களா?” என்று என் வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“வேணாம்” என்றேன்.

நானா எழுந்தார். “சூடம் கடையில ஈக்கி. தம்பி, காலையில வந்து எடுத்துக்கங்க. சல்லி வாணாம். அந்தக் காசெல்லாம் என்ட கல்லா வழியாத்தான் வந்தீக்கி.”

மறுநாள் நானும் வீட்டுக்காரியும் கோயிலுக்குப் போனோம். குழந்தை கத்து கத்தென்று கத்தியது. முடி இறக்கி முடிந்ததும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார்கள். அடங்கிவிட்டது. அந்தப் பெண் காசுகளைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

பூசாரி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “இத பேங்குல எடுக்க மாட்டானுங்களே.”

“பேங்குக்கு நேரலைங்க சாமி” என்றாள் என் வீட்டுக்காரி.

அவர் சிரித்தார். “சரி. யார் யாரு பேருக்கு அர்ச்சன?”

அந்தப் பெண் குழந்தையின் பெயரைச் சொன்னாள். மற்றவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது என்றேன். பூசாரி சூடப் பெட்டியை உடைத்தார்.

“பேரு தெரியாட்டிப் போகுது. ஆளுக்கு ஒண்ணு கொளுத்திருவோம். எத்தன பேருன்னு சொல்லுங்க.”

நான் தட்டைப் பார்த்து எண்ணினேன்.

இருபத்து மூன்று.