நான் எழுதிய கதையைப் பிடித்துக்கொண்டு வந்தவன்

நான் போட்ட ஒரு போட்டோவால் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும். ஆண்டவர் அதை எப்படித் தடுத்தார் என்று விசுவாசக் குடும்பத்தாராகிய உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் குற்றத்தை மறைத்தால் இது சாட்சி ஆகாது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆம்பூரில் சிறியதாக ஒரு எச்.ஆர். கம்பெனி நடத்துகிறேன். ஷூ கம்பெனிகளுக்கு ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, அவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. சென்ற வருடம் புது வாடிக்கையாளர் ஒருவரும் வரவில்லை. அதனால் கேஸ் ஸ்டடி எழுத ஆரம்பித்தேன். எங்களால் ஒரு கம்பெனி எப்படி முன்னேறியது என்று எழுதி மற்ற கம்பெனிகளுக்குக் காட்டுவது. வெறும் விவரம் போட்டால் யார் படிப்பார்கள்? ஒரு முகம் வேண்டும் என்று தோன்றியது.

பேரணாம்பட்டு ரோட்டில் உள்ள ஒரு ஷூ கம்பெனியில் நாங்கள் சேர்த்துவிட்ட தங்கை ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். தையல் தெரியாமல் வந்து, ஒரே வருடத்தில் லைனில் முதல் ஆளாக ஆனவள். கம்பெனி பஸ் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். "ஆபீசுக்குன்னா எடுங்கக்கா," என்றாள். அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் ஊர் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டேன்.

நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். நல்ல மழை. ஒருவன் ஆபீசுக்கு வந்தான். என் கேஸ் ஸ்டடியைப் பிரின்ட் எடுத்து, அவள் முகம் மட்டும் தெரியும்படி மடித்து வைத்திருந்தான். குரலே உயரவில்லை.

"நான் அதோட அண்ணன்க்கா. அம்மா சீரியஸா கீது. எந்த ஸ்டாப்புல எறங்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

எழுதியது இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அஞ்சரைக்கு ஷிப்ட் முடியும் என்றேன். ஸ்டாப்பின் பெயரையும் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன்; தொடவில்லை. தனியாகத்தான் இறங்குமா என்று கேட்டான். இதை ஏன் கேட்கிறான் என்று தோன்றியது. ஆனாலும் ஆமாம் என்றுவிட்டேன்.

அவன் போய் வெகு நேரம் கழித்து, வெளியே போயிருந்த செல்வி வந்தாள். ஆபீசில் எனக்குத் துணை அவள்தான். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அதுக்கு ஏதுக்கா அண்ணன்? கூடப் பொறந்தது ரெண்டும் பொண்ணு."

அந்தத் தங்கையின் விண்ணப்பத்தை எடுத்து வந்தாள். கணவர் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கீழே செல்வியின் கையெழுத்தில் ஒரு வரி: யார் கேட்டாலும் இவள் இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது. அவள் கணவன் குடித்துவிட்டு இரண்டு முறை அவள் கழுத்தை நெரித்தவனாம். அவனுக்குத் தப்பி ஓடி வந்தவளாம். அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நான், அந்த ஒரு தாளைப் படித்ததில்லை.

அப்போது ஐந்து மணி. வேலை நேரத்தில் தொழிலாளர்களின் போன் லாக்கரில் இருக்கும். கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. செல்வியைப் போலீசுக்குப் பேசச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ரயில்வே சப்வேயில் இடுப்பளவு தண்ணீர். வண்டிகள் நகரவில்லை. அந்த நெரிசலில், மழையில் நின்று அழுதேன். ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை. நானே காட்டிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பேன்? கடைசியில், "ஆண்டவரே, என் வாய் செய்ததை உம்முடைய கை தடுக்கட்டும்," என்று மட்டும் சொன்னேன்.

சுற்றிப் போய்ச் சேரும்போது ஐந்தே முக்கால் தாண்டிவிட்டது. பஸ் போய்விட்டது என்றார் வாட்ச்மேன். பிறகு அவர் சலிப்போடு சொன்னார்: "நாலாவது லைனு மட்டும் உள்ளதான் கீது. ஷூவுல ஒட்டின சோலு பிரியுதாம். எல்லாத்தயும் திரும்ப ஒட்டணும்னு நிறுத்திட்டாங்க. ஒரே பேஜாரு."

நாலாவது லைன் அவளுடையது.

உள்ளே ஓடி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் பசையோடு அப்படியே நின்றாள். அழவில்லை.

"நீங்கதானக்கா போட்டீங்க?"

"ஆமாம்மா. நான்தான்."

அவள் திரும்பிப் போய் அடுத்த ஷூவை எடுத்தாள்.

அந்த ஸ்டாப்பில் போலீஸ் அந்தக் கணவனைப் பிடித்தது. பஸ் வந்து போன பிறகும் நனைந்துகொண்டே நின்றிருந்தானாம். பையில் தோல் அறுக்கும் கத்தி இருந்தது. என் கேஸ் ஸ்டடியும் இருந்தது.

அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். கம்பெனியில் போய் உண்மையைச் சொன்னேன். அவர்கள் எங்களோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். இப்போதும் கேஸ் ஸ்டடி எழுதுகிறேன். ஆனால் முகம், ஊர், ஷிப்ட் எதுவும் இருக்காது. எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கே முழுக்கப் படித்துக் காட்டுவேன். அவர் வேண்டாமென்றால் கிழித்துவிடுவேன். அந்தத் தங்கை இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறாள். என் போனை எடுப்பதில்லை. அவள் பெயரைச் சொல்லித்தான் தினமும் என் ஜெபம் ஆரம்பிக்கிறது.

பிரியமானவர்களே, தானே இழுத்துவிட்ட ஆபத்துக்கு ஜெபிக்கத் தனக்குத் தகுதியில்லை என்று நினைக்கிறவர் உங்களில் யாராவது இருக்கலாம். நானும் அப்படித்தான் நின்றேன். தகுதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓடிக்கொண்டே கேளுங்கள். கேட்டுக்கொண்டே ஓடுங்கள். உங்களால் ஆபத்தில் நிற்கிறவர்களை உங்களைவிட ஆண்டவர் அதிகமாய் நேசிக்கிறார்.