அப்பா பெயர் மானாம்பதி

எண்பதுகளின் கடைசியில், உத்திரமேரூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரிக்கு யாரோ கம்ப்யூட்டர் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு வைத்தார்கள். கண் முகாமுக்கு வருகிறவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி அடிப்போம்: பெயர், கமா, அப்பா அல்லது கணவர் பெயர், கமா, ஊர், கமா, வயது. கமா வரும் இடத்திலெல்லாம் வரியை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அட்டையில் அதற்குரிய கட்டத்தில் அச்சிடுவது நான் எழுதிய புரோகிராமின் வேலை.

ஒருநாள் மானாம்பதியிலிருந்து நடவு வேலை செய்கிற அம்மா ஒருவர் அட்டையோடு என் மேஜைக்கு வந்தார். அதைப் படித்த நர்ஸ் சிரித்துவிட்டாராம். வாங்கிப் பார்த்தேன். அப்பா பெயர்: மானாம்பதி. ஊர்: அறுபது. வயதுக் கட்டம் காலி.

சட்டென்று புரிந்துவிட்டது. அவருக்கு அப்பா பெயர் அடிக்கப்படாததால் இரண்டு கமா ஒட்டி வந்திருந்தது. நடுவிலிருந்த வெறுமையைப் புரோகிராம் ஒரு துண்டாகவே எண்ணவில்லை. பின்னால் இருந்ததெல்லாம் ஒரு கட்டம் முன்னே நகர்ந்துவிட்டது. அப்பா பெயரைச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன் என்றேன்.

“தெரியாதும்மா. நான் கைக்கொயந்தையா இருக்க சொல்லவே நைனா பூட்டாரு. எங்கம்மா ஒரு நாளும் புருசன் பேர வாயால சொன்னதில்ல.”

கல்யாணமும் ஆகவில்லையாம். விசாரிக்க வேண்டும் என்று தோன்றியபோது, தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லையாம்.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு புரோகிராமைத் திருத்தினேன். இரண்டு கமா ஒட்டி வந்தால் நடுவே ஒரு வெற்றுத் துண்டு உண்டு என்று அதற்குச் சொல்லிவைத்தேன். புது அட்டை சரியாக வந்தது. வராந்தாவில் காத்திருந்தவரிடம் படித்துக் காட்டினேன்.

“நைனா பேரு இன்னா போட்டுக்கீற?”

“ஒண்ணும் போடலம்மா. காலியா விட்டிருக்கேன்.”

அட்டையை வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஊரு பேரே இருக்கட்டும்மா. அதுதானே வளத்துச்சி.”

நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மானாம்பதி, கமா, மறுபடியும் மானாம்பதி என்று அடித்தேன். வந்த அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கண்ணாடி கொடுத்த அன்று, அதைப் போட்டுக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார். என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

“இவ்ளோ சின்னப் பொண்ணா நீ?” என்று கன்னத்தைத் தடவினார்.

பஸ் வரும்வரை இருவரும் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தோம்.