ஆணி அடிக்காத படம்

ஹாதியா முதலில் சுவரை ருசி பார்ப்பாள். ஈரம் பூத்த இடத்தில் ஆள்காட்டி விரலைத் தேய்த்து, நுனி நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவாள். குழம்புக்கு உப்புப் பார்க்கிற அதே முகம். கரித்தால் வேலையை ஒப்புக்கொள்வாள். ஈரம் மட்டும் இருந்து கரிக்காவிட்டால், "இது என் வேல இல்லக்கா, உள்ள பைப்பு லீக் ஆவுது. பிளம்பரக் கூப்டு" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

புதுப்பட்டினத்தில் உப்புப் பூக்காத சுவர் அபூர்வம். பெயிண்ட் அடித்த ஆறே மாதத்தில் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பிக்கும். அந்த இடங்களில் பூக்களும் ஊர்க்காட்சிகளும் வரைவதுதான் நாற்பத்தொரு வயது ஹாதியாவின் பிழைப்பு. மாமல்லபுரத்து லாட்ஜ்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். கம்பி பிரஷ்ஷால் உப்பைச் சுரண்டி, கழுவி, மூன்று நாள் ஃபேன் காற்றில் காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் தூரிகையைத் தொடுவாள். கறைக்கு என்ன வடிவமோ, அதுதான் படத்துக்கும். நீளக் கறை என்றால் பாலாற்று முகத்துவாரம். உருண்டையாக இருந்தால் பூவரசு. தரையோரமாகப் படர்ந்திருந்தால் மணலும், அதில் ஊதாப் பூவோடு அடப்பங்கொடியும். கடல் வரைந்தால் படகு இருக்கும், படகில் ஆள் இருக்க மாட்டான். ஏன் என்று கேட்டால், "நாஸ்தா துன்ன போயிருக்கான், வந்துடுவான்" என்பாள்.

"ரெண்டு வருசம் தாங்கும். அப்பால உப்புதான் ஜெயிக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். சொல்லியும் ஜனங்கள் தன்னையே கூப்பிடுவதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம். ஊர்ச் சுவரையெல்லாம் ருசி பார்க்கிறவள் வீட்டுக் குழம்பில் உப்புப் போட மறந்துவிடுகிறாள் என்பது, டெய்லர் கடை வைத்திருக்கும் கணவன் முஜீபின் தீராத புகார்.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டதற்கு மேல் வரைந்துவிடுவாள். போன ஜனவரியில் பிரபாவதி வீட்டில் அதுதான் வினையாகப் போனது.

பிரபாவதிக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். கல்பாக்கத்தில் வேலை, புதுப்பட்டினத்தில் மாடிப் போர்ஷனில் வாடகை. வீட்டுச் சொந்தக்காரர் ஆனந்தன் செங்கல்பட்டில் இருக்கிறார். சுவரில் கை வைக்கக் கூடாது, அதிலும் ஆணி கூடவே கூடாது என்பது அவருடைய சட்டம். ஆறு ஆணி அடித்த பாவத்துக்கு முந்தைய குடும்பத்தை ஒரே மாதத்தில் காலி செய்ய வைத்தவர். அதனால் பிரபாவதியின் கல்யாணப் படம் இரண்டு வருடமாகத் தரையிலேயே சுவரில் சாய்ந்து நின்றது.

ஹாலில் உப்புப் பூத்த இடத்தை மறைக்க, அவர் கண்ணை உறுத்தாமல் நாலு பூ வரைந்தால் போதும் என்றுதான் பிரபாவதி கேட்டாள். தரையில் நின்ற அந்தக் கல்யாணப் படத்தைப் பார்த்த ஹாதியாவுக்கு மனசு கேட்கவில்லை. சதுரங்கப்பட்டினம் கடற்கரையை ஓரத்தில் பூத்த தாழம்புதரோடு வரைந்தாள். சுற்றிலும் மரச்சட்டம் வரைந்தாள். சட்டத்துக்கு மேலே கயிறு, கயிறு தொங்கத் துருப்பிடித்த ஓர் ஆணி, அந்த ஆணிக்கு ஒரு நிழல் என்று கை போய்க்கொண்டே இருந்தது. "அடிக்கக் கூடாதுன்னுதானக்கா சொன்னாரு, வரையக் கூடாதுன்னா சொன்னாரு?" என்றாள். பிரபாவதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பு நாலு நாள்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனந்தன் போன் செய்து, மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். மகள் பிரதீபாவுக்குப் பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். பிரபாவதி ஹாதியாவைக் கூப்பிட்டாள். "புள்ளைக்குப் பரீட்ச நேரத்துல நான் எங்க போயி வீடு தேட?" என்றாள். படத்தை உடனே அழித்துவிடுகிறேன் என்றாள் ஹாதியா. ஈர வெள்ளைத் திட்டு இன்னும் மோசமாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பிரபாவதி தடுத்துவிட்டாள். அன்றைக்கு ஹாதியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் ஒரு டப்பா பிரைமரோடு போய் அந்த ஹாலில் உட்கார்ந்தாள். தப்பு என்னுடையது, இப்போதே அழித்துவிடுகிறேன், இவர்களைக் காலி செய்யச் சொல்லாதீர்கள் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

ஆனந்தன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார். "தலப்பாடா அடிச்சிக்கினனேம்மா, ஆணி மட்டும் வேணான்னு" என்று நேராகப் போய் ஆணியைப் பிடுங்கக் கை வைத்தார். விரல் வழுக்கியது. நகத்தைக் கொடுத்து நெம்பினார். மறுபடியும் வழுக்கியது. சட்டத்தைக் கீழிருந்து தூக்கப் பார்த்தார், அதுவும் வரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு சுவரில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனார். மனப்பாடம் செய்ததெல்லாம் ஹாதியாவுக்கு மறந்துபோனது.

"பெயின்ட்டு சார்" என்றாள்.

அவர் உள்ளங்கையால் சுவரை மெல்லத் தடவினார். "ஓட்ட இல்ல?"

"ஒண்ணு கூட இல்ல சார்."

"ஓட்ட இல்லன்னா எனக்கு இன்னா? பெயின்ட்ட பெயின்ட்டால மூடிக்கலாம். ஓட்ட போட்டா செவுரு போச்சி" என்றார். மொட்டை மாடிக்குப் படியேறியவர் பாதியில் நின்று, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரபாவதி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். உள் அறையிலிருந்து பிரதீபா பாடத்தை மறுபடி சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். ஹாதியாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அழிக்க வேண்டாம், யாரும் வீடு மாற வேண்டாம். எழுந்து சுவரருகே போனாள். ஆனந்தனின் நகம் பட்ட இடத்தில் வர்ணம் பெயர்ந்து, ஆணியின் தலையில் வெள்ளை தெரிந்தது. பிரைமர் டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பையிலிருந்து மெல்லிய தூரிகையை எடுத்தாள். பழுப்பு வர்ணத்தைத் தொட்டு, ஆணிக்குத் துருவைத் திரும்ப வைத்தாள்.